ஓஎஸ் போடும் முன் உங்கள் லேப்டாப்பைக் கேளுங்கள்

பாபநாசத்தில் தொடங்கித் தாமிரபரணிக் கரையோரமாக வந்தால், பல வீடுகளில் பீரோவிலோ பரணிலோ ஒரு பழைய லேப்டாப் தூங்கிக் கொண்டிருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது அது. அண்ணன் வேலைக்குப் போய்விட, இப்போது அது தங்கைக்கோ அப்பாவுக்கோ வந்து சேர்ந்திருக்கும். அந்த வகையில் நீங்களும் புதிதாகக் கம்ப்யூட்டர் பெற்றவர்தான்.

கையில் கிடைத்ததும் செய்யும் முதல் வேலை என்ன? கடைக்குக் கொண்டு போய் "ஃபார்மட் அடித்துப் புது வின்டோஸ் போட்டுத் தாருங்கள்" என்பதுதான். காரணம் இல்லாமல் இல்லை. வின்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லும், வின்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்களை 2025 அக்டோபர் 14-லும் நிறுத்தியது. ஆனால் கார் பருவமா, பிசானமா, வயலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்காமல் நம் ஊரில் யாரும் விதை நெல் வாங்குவதில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்திற்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

முதலில் ப்ராசஸர். இங்கேதான் அதிகக் குழப்பம். இத்திட்டத்தில் முதலில் வந்த லேப்டாப்களில் வின்டோஸ் 7 ஸ்டார்டர், பாஸ் லினக்ஸ் என இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் பதியப்பட்டிருந்தன. பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஸ்டார்டர் என்பது வின்டோஸ் 7-ன் மிக எளிய பதிப்பு. அது 32 பிட்டில் மட்டுமே கிடைத்தது. 2 ஜிபிக்கு மேல் ராம் மெமரியையும் பயன்படுத்தாது. கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் பக்கத்தைத் திறந்தால் "32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்று காட்டும். உடனே "என் லேப்டாப்பே 32 பிட்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பதிந்திருக்கும் சாஃப்ட்வேரைப் பற்றிய தகவல். உள்ளே இருக்கும் சிப்பைப் பற்றியதல்ல. தம்பியின் சட்டையை அண்ணன் போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

சிப்பைப் பற்றி அறிய வின்டோஸ் 10-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று செல்லுங்கள். அங்கே "எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்" என்று இருந்தால் அது 64 பிட் சிப். வின்டோஸ் 7 என்றால், கன்ட்ரோல் பேனலில் பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் பகுதியின் விரிவான அறிக்கையில் "64 பிட் கேபபிள்" என்ற வரிக்கு எதிரே "எஸ்" இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஏன் இத்தனை அக்கறை? வின்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. உபுண்டு 2017-லேயே 32 பிட் டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்திவிட்டது. 2025-ல் வெளியான டெபியன் 13-ஐ 32 பிட் கம்ப்யூட்டரில் புதிதாக இன்ஸ்டால் செய்ய முடியாது. உங்கள் சிப் 64 பிட் என்று தெரிந்தால் பல கதவுகள் திறக்கும்.

மெமரியை வின்டோஸ் 10-ல் எளிதாகப் பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் டேபில் மெமரியைக் கிளிக் செய்யுங்கள். எவ்வளவு ராம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பது வரை காட்டும். ஸ்லாட் காலியாக இருந்தால் கூடுதல் ராம் வாங்கிப் போடலாம். ஆனால் வின்டோஸ் 7 ஸ்டார்டரை வைத்துக்கொண்டே 4 ஜிபி போட்டால் காசுதான் வீண். டிடிஆர்3-யா, டிடிஆர்4-ஆ என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

வின்டோஸ் 11 பற்றி ஒரு வார்த்தை. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் இருந்தால் மட்டும் போதாது. யுஇஎஃப்ஐ செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள ப்ராசஸர் ஆகியவையும் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். 2011, 2012-ல் வந்த லேப்டாப் எதுவும் இதில் தேறாது. இந்தச் சோதனைகளை ஏமாற்றி இன்ஸ்டால் செய்து தருபவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. என் யோசனை, அந்த வழி வேண்டாம். 2 ஜிபி லேப்டாப்பில் லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் நிம்மதியாக ஓடும்.

இனி ஹார்ட் டிஸ்க். மற்றவற்றில் தவறினால் நேரம்தான் போகும். இதில் தவறினால் புகைப்படங்களும் போகும். "லேப்டாப் மெதுவாகிவிட்டது, புது வின்டோஸ் போட்டால் சரியாகும்" என்று நினைக்கிறோம். பத்து வருடம் சுழன்ற டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தாலும் லேப்டாப் மெதுவாகத்தான் ஓடும். அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்து புதிதாக எழுதுவது, மூச்சு வாங்குபவரை ஓடச் சொல்வது போல. டிக் டிக் என்று சத்தம், ஃபைல் காப்பி ஆகும்போது பாதியில் நிற்பது இவையெல்லாம் அறிகுறிகள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக் கொள்ளும். இதற்கு ஸ்மார்ட் தகவல் என்று பெயர். பென் டிரைவிலிருந்து உபுண்டுவை இயக்கி, டிஸ்க்ஸ் என்ற புரோகிராமில் இதைப் படிக்கலாம். "ரீஅலொகேட்டட் செக்டார்" எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். அந்தக் கால லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க். அதே இடத்தில் எஸ்எஸ்டி பொருந்தும். வேகத்திற்காகச் செலவு செய்வதென்றால் ராமை விட எஸ்எஸ்டிக்கே என் ஓட்டு.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அப்போது நனைந்த லேப்டாப் உங்களிடம் இருந்தால் சார்ஜரைச் செருகிப் பார்க்க வேண்டாம். ஹார்ட்வேர் தெரிந்தவரிடம் கொடுத்து மதர்போர்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஓஎஸ் பேச்சு அதற்குப் பிறகுதான்.

குறுக்குத்துறை முருகன் கோயிலில் ஆற்றில் வெள்ளம் வரும் என்றால், உற்சவரைக் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்கு முன்னதாகவே எடுத்துச் சென்றுவிடுவார்கள். உங்கள் போட்டோக்கள், மார்க்‌ஷீட் ஸ்கேன், பத்திர நகல் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ அதேபோல ஏற்றுங்கள். காப்பி ஆனதும் நான்கைந்து ஃபைல்களை வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கும்போதே வைஃபை, சவுண்ட், கேமரா, டச்பேட் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று சோதித்துவிடலாம். இன்னும் எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை என்பதால் நஷ்டம் இல்லை. வைஃபை பிடிக்கவில்லை என்றால் அதற்கான டிரைவரை முன்கூட்டியே தேடி வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. பழைய லேப்டாப்பின் பேட்டரி பத்து நிமிடம் கூடத் தாங்காது. உங்கள் பகுதித் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவித்திருக்கும் நாளில் இன்ஸ்டால் செய்ய உட்காராதீர்கள்.