மிட்டாயில் விஷம் வைத்தது யார்?

அமெரிக்காவில் அக்டோபர் 31 இரவு ஹாலோவீன். பிள்ளைகள் பேய், சூனியக்காரி வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் மிட்டாய் கொடுப்பார்கள். அந்த இரவையொட்டி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு பயம் அங்கே உலவுகிறது. முகம் தெரியாத யாரோ மிட்டாயில் விஷம் கலந்து கொடுக்கிறான், ஆப்பிளுக்குள் பிளேடு செருகிக் கொடுக்கிறான் என்பதுதான் அது. பிள்ளைகள் கொண்டுவரும் பையை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே தின்ன விடும் பெற்றோர் ஏராளம். அந்த மிட்டாய்களை இலவசமாக எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்த மருத்துவமனைகளும் உண்டு.

இதற்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது 1974இல் டெக்சாஸில் நடந்த ஒரு கொலை. ஹாலோவீன் இரவில் சயனைடு கலந்த மிட்டாயைத் தின்று எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அதில் கற்பனை எதுவும் இல்லை. ஆனால் அந்த விஷத்தைக் கொடுத்தது பெற்ற அப்பா.

ரொனால்ட் கிளார்க் ஓ'பிரையன் ஹூஸ்டன் பகுதியில் மூக்குக் கண்ணாடிக் கடைகளில் வேலை பார்த்தவன். தேவாலயத்தில் பொறுப்பில் இருந்தவன். கழுத்துவரை கடன். அன்று நல்ல மழை. தன் பிள்ளைகளோடும் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளோடும் மிட்டாய் வாங்கக் கிளம்பினான். விளக்கு எரியாத ஒரு வீட்டில் தட்டியும் யாரும் திறக்கவில்லை. பிள்ளைகள் பொறுமையிழந்து அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். பின்தங்கிய ஓ'பிரையன் சற்று நேரத்தில் ஐந்து பிக்ஸி ஸ்டிக்ஸ் குழாய்களோடு வந்தான். உள்ளே புளிப்பும் இனிப்புமாகச் சர்க்கரைத்தூள் அடைத்த நீளமான குழாய் அது. அந்த வீட்டிலிருந்து கிடைத்தது என்று சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்தான்.

தூங்கப்போகும் முன் மகன் அந்தக் குழாயைத்தான் எடுத்தான். தூள் கட்டிதட்டியிருந்தது. அப்பாவே உள்ளங்கையில் வைத்து உருட்டி உதிர்த்துக் கொடுத்தான். கசக்கிறது என்றான் பையன். வாய்க்கசப்புப் போக அப்பா ஒரு குளிர்பானத்தைக் கரைத்துக் கொடுத்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே பிள்ளை இறந்துவிட்டது.

மற்ற நான்கு குழாய்களையும் காவல்துறை மீட்டது. அவற்றில் ஒன்றைக் கையில் பிடித்தபடியே இன்னொரு சிறுவன் தூங்கிக்கொண்டிருந்தான். விஷம் கலந்த பிறகு வாயை மூடப் போட்டிருந்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்க அவன் விரல்களுக்கு வலு போதவில்லை. அந்த ஒரு பின்தான் அவன் உயிரைக் காத்தது.

ஓ'பிரையன் கைகாட்டிய வீட்டுக்காரர் அந்த நேரம் விமான நிலையத்தில் வேலையில் இருந்தார். அவரை அங்கே கண்டவர்கள் பலர். அதன்பின் பிள்ளைகள் பேரில் ஓ'பிரையன் எடுத்து வைத்திருந்த ஆயுள் காப்பீடுகள் வெளியே வந்தன. 1975இல் மரண தண்டனை விதித்தார்கள். 1984 மார்ச் 31 அன்று அது நிறைவேற்றப்பட்டது.

கவனிக்க வேண்டியது காலவரிசை. ஆப்பிளுக்குள் பிளேடு என்ற பேச்சு 1960களிலேயே பரவிவிட்டது. அப்படியிருக்க, இந்தக் கொலை அந்தப் பயத்தைப் பெற்றெடுத்தது என்று சொல்வது தலைகீழ். ஊரெல்லாம் நம்பிய வதந்தியைத்தான் ஓ'பிரையன் தனக்குத் திரையாக எடுத்துக்கொண்டான். பிள்ளை இறந்தால் பழி யாரோ ஒரு கிறுக்கன் மேல் விழும் என்பது அவன் கணக்கு. தன் பிள்ளைக்கும் மற்றவர் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொடுத்ததும் அதற்காகத்தான்.

ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதல் வந்த பத்திரிகைச் செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். ஹாலோவீன் மிட்டாயில் அந்நியர் வைத்த விஷத்தால் ஒரு பிள்ளை இறந்ததாக உறுதியான செய்தி ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1970இல் டெட்ராய்ட்டில் ஹெராயினால் ஒரு சிறுவன் இறந்தபோதும் முதலில் மிட்டாய் மேல்தான் பழி விழுந்தது. உண்மையில் அது உறவினர் வீட்டில் வைத்திருந்த சரக்கு. அதை மறைக்க மிட்டாயின் மேல் பிறகு தூவியிருந்தார்கள்.

அந்நியர் விஷம் வைத்த குற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1982இல் சிகாகோ பகுதியில், கடையில் வாங்கிய டைலனால் மாத்திரைகளில் சயனைடு இருந்து ஏழு பேர் இறந்தார்கள். கொன்றவன் அகப்படவில்லை. மருந்துப் புட்டிகளுக்கு இன்றைய முத்திரை மூடி வந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஹாலோவீன் பயம் உச்சத்துக்குப் போனதில் வியப்பில்லை. ஆனால் அது மருந்துக் கடையில் நடந்தது, பிள்ளைகளின் பையில் அல்ல.

அமெரிக்க இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் இன்னொரு கதை கொக்கிக்கையன். ஒதுக்குப்புறத்தில் காரை நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கும் காதலர்கள், மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிய கொலைகாரனுக்கு ஒரு கையில் கொக்கி என்று வானொலியில் கேட்கிறார்கள். பயந்து வண்டியைக் கிளப்பி வீடு வந்து பார்த்தால், கார்க் கதவின் கைப்பிடியில் அந்தக் கொக்கி தொங்குகிறது. இதற்கு மூலமாகப் பலரும் ஊகிப்பது 1946இல் டெக்சார்கானா நகரில் பிப்ரவரி முதல் மே வரை நடந்த தாக்குதல்களை. இருட்டில் நின்ற கார்களிலும் பிறகு ஒரு பண்ணை வீட்டிலும் எட்டுப் பேர் தாக்கப்பட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். வழக்கு துலங்கவே இல்லை. அங்கே கொக்கியும் இல்லை, காப்பகமும் இல்லை. கதைக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். மனநோயாளியைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எந்தக் குற்றமும் செய்யாத நோயாளிகள் மேல் இத்தனை காலமாகப் பழி கிடக்கிறது.

மூன்றாவதாக ஒரு கதை. கண்ணாடி முன் நின்று ஐந்து முறை பெயர் சொன்னால் வந்து கொல்லும் ‘கேண்டிமேன்’ 1992இல் வந்த சினிமாவின் பேய். கிளைவ் பார்க்கரின் சிறுகதையிலிருந்து எடுத்த படம். ஆனால் குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னிருந்து ஆள் வருவது சிகாகோவில் நிஜமாகவே நடந்தது. ஏழைக் கறுப்பினத்தவர் வாழ்ந்த அரசுக் குடியிருப்பு அது. அடுத்தடுத்த இரு வீடுகளின் குளியலறைகளுக்கு நடுவே குழாய் பழுதுபார்க்க ஒரு சந்து விட்டிருந்தார்கள். கண்ணாடி பதித்த மருந்து அலமாரியைக் கழற்றினால் அதன் வழியே பக்கத்து வீட்டுக்குள் நுழையலாம். திருடர்களுக்கு அந்த வழி தெரியும். குடியிருந்தவர்களுக்கும் தெரியும்.

1987 ஏப்ரல் 22 இரவு அங்கே தனியாக இருந்த 52 வயதுப் பெண் ஒருவர், குளியலறை வழியாக ஆட்கள் வருகிறார்கள் என்று காவல்துறைக்குப் போன் செய்தார். அவர் சொன்னது கேட்டவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. காவலர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கதவைத் திறந்தார்கள். அவர் சுடப்பட்டுக் கிடந்தார். இருவர் மேல் வழக்கு நடந்தது, இருவரும் விடுதலையானார்கள். அந்தக் கொலைக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.