தலையில் தண்ணீர் சுமக்கும் எழுத்து!

ஒரு சதுரம் போடுங்கள். உள்ளே ஒரு கூட்டல் குறி. ஜன்னல் மாதிரி இருக்கிறதா? சீன மொழியில் இது வயல்! உற்றுப் பார்த்தால் நாலு பாத்தி, நடுவே வரப்பு... சரியாகத்தான் இருக்கிறது.

சொந்த எழுத்து இல்லாத காலத்தில் கொரியாக்காரர்கள் சீன எழுத்துக்களைத்தான் இரவல் வாங்கினார்கள். இந்த ஜன்னலும் வந்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. சீனாவில் நஞ்சை, புஞ்சை எல்லாத்துக்கும் பொதுவாக இந்த ஒரே ஜன்னல்தான். நஞ்சை என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் 'தண்ணீர்', 'வயல்' என்று இரண்டு எழுத்து போட வேண்டும். நெல் விளைகிற பூமியும் மேட்டுக்காடும் ஒண்ணாகுமா? எந்த விவசாயி ஒத்துக்கொள்வான்?

கொரியாக்காரர்கள் பார்த்தார்கள். ஜன்னலின் தலையில் 'தண்ணீர்' எழுத்தைத் தூக்கி வைத்தார்கள். புது எழுத்து ரெடி! உச்சரிப்பு, 'தப்'. (தப்பு இல்லை ஸார், சுத்தமான நஞ்சை!) வெறும் ஜன்னல் அவர்களுக்குப் புஞ்சையாகிவிட்டது.

அந்தக் காலத்தில் மேலிருந்து கீழாக எழுதுவார்கள். 'தண்ணீர்', அதன் அடியில் 'வயல்' என்று நெருக்கி நெருக்கி எழுதியதில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். தென்கொரியாவின் சாங்நியோங்கில், சில்லா நாட்டு ராஜா ஜின்ஹங் கி.பி. 561-ல் நட்ட கல்வெட்டிலேயே இந்த எழுத்து இருக்கிறது!

ஜப்பானில் கதை தலைகீழ். அங்கே வெறும் ஜன்னல்தான் நஞ்சை. புஞ்சை என்றால் பக்கத்தில் 'நெருப்பு' எழுத்தை ஒட்டவைப்பார்கள். காட்டைக் கொளுத்தி விதைத்த காலத்து ஞாபகமாம்.

கொரிய மொழியில் 'சொன்சுதப்' என்று ஒரு வார்த்தை உண்டு. வானம், தண்ணீர், நஞ்சை என மூன்று எழுத்து. வாய்க்காலும் ஏரியும் எட்டாமல் மழையையே நம்பிக் கிடக்கிற வயல். நம்ம 'வானம் பார்த்த பூமி'யேதான்!

1443-ல் சேஜோங் ராஜா கொரிய மொழிக்கென்றே தனி எழுத்து உருவாக்கினார். இன்று அங்கே எல்லாமே பெரும்பாலும் அந்த எழுத்துதான். தென்கொரிய நிலப் பதிவேட்டில் நிலத்தை 28 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் இரண்டாவது வகை நம்ம 'தப்'. ஆனால் இப்போது ஓசை மட்டும்தான். ஜன்னலும் இல்லை, தலைமேல் தண்ணீரும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொரிய மொழியில் 'விடை'க்கும் 'தப்' என்றுதான் பெயர். எழுதுவதும் ஒரே மாதிரி. பட்டணத்தில் வளர்ந்த பேரன் தாத்தாவின் நிலப் பத்திரத்தைப் பிரித்தால், 'விடை இருக்கு, கேள்வி எங்கே?' என்று புரட்டிப் புரட்டித் தேடினாலும் ஆச்சரியமில்லை!