தலைநகருக்குத் தனியாகப் போகலாமே!

"கோலாலம்பூருக்கா? யாராவது கூட வந்தால் போகலாம்!"

நம் தோட்டத்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பெரிய ஆஸ்பத்திரியில் தாத்தாவுக்குத் தேதி கொடுத்திருப்பார்கள். மகளுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்திருக்கும். கார் வைத்திருக்கும் உறவினருக்கோ அன்றைக்கு வேலை. டாக்சிக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை. கடைசியில் ஆஸ்பத்திரித் தேதியும் தவறும், வேலையும் கைநழுவும். வழி தெரியாத ஒரே காரணத்தால் நோய் முற்றுவதும், பிள்ளையின் எதிர்காலம் தடைபடுவதும் வேதனைதானே?

வழி தெரிந்துகொள்வது அப்படியொன்றும் கடினமல்ல, அன்பர்களே! ஒரே ஒரு நிலையத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கேஎல் சென்ட்ரல்தான் அது.

நம்மவர் உழைத்த பாதை

கிள்ளான் ரயில் பாதை நேற்று வந்ததல்ல. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே உள்ள புக்கிட் கூடா வரை முதல் பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றின் மேல் பாலம் அமைந்து, ரயில் கிள்ளான் நகருக்குள் வந்தது. மலாயாவின் ரயில் பாதைகளில் மண் சுமந்து, கட்டை அடுக்கி, தண்டவாளம் பதித்தவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். யாழ்ப்பாணத் தமிழர் பலர் நிலைய அதிபர்களாகவும் கிராணிகளாகவும் பணிபுரிந்தார்கள்.

அந்த ரயில்வே குடும்பங்கள் பல வாழ்ந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். அங்கிருந்த பழைய ரயில்வே நிலத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. அங்குள்ள பெரிய வீதிக்குத் துன் சம்பந்தன் பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அதே சம்பந்தன்தான்! நம்மவர் உழைத்து உருவான இடத்துக்குப் போக நாம் ஏன் தயங்க வேண்டும்?

எங்கே ஏறுவது?

காப்பார், கோலசிலாங்கூர், கேரித் தீவுப் பக்கம் இருப்பவர்கள் முதலில் கிள்ளான் நகருக்கு வந்துவிடுங்கள். அங்கே 1995 முதல் ஓடும் மின்சார ரயிலான கொமுட்டரில் ஏறலாம். கொமுட்டருக்கு இங்கே இரண்டு தடங்கள். ஒன்று தஞ்சோங் மாலிமிலிருந்து போர்ட் கிள்ளான் வரை. மற்றது பத்துமலையிலிருந்து சிரம்பான் வழியாகப் புலாவ் செபாங் வரை. பத்தாங்காலி, செரண்டா மக்களுக்கு முதல் தடம். நீலாய், சிரம்பான் மக்களுக்கு இரண்டாவது. எதில் ஏறினாலும் கேஎல் சென்ட்ரலில் வந்து இறங்கலாம்.

பெண் பிள்ளையைத் தனியே அனுப்பத் தயக்கமா? 2010 முதல் கொமுட்டரில் பெண்களுக்கென்றே பெட்டி உண்டு. இளஞ்சிவப்பு அடையாளத்தைப் பார்த்து ஏறச் சொல்லுங்கள்.

அங்கிருந்து எங்கே?

கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு: கேஎல் சென்ட்ரலில் வெளியே வந்து, நு சென்ட்ரல் பேரங்காடியின் ஊடே நடந்தால் மோனோரயில் நிலையம். இது ஒரு முனை. தித்திவங்சா மறு முனை. முனையில் ஏறி முனையில் இறங்குவதால் இடம் தவற வழியே இல்லை! தித்திவங்சாவில் புத்ராஜெயா செல்லும் எம்.ஆர்.டி.யில் ஏறுங்கள். அடுத்த நிலையத்தின் பெயரே 'ஹொஸ்பித்தால் கோலாலம்பூர்'. 2023 மார்ச்சில் இது திறக்கப்பட்ட பிறகு நோயாளிகளுக்குப் பெரிய வசதி.

மஸ்ஜித் இந்தியா கடைவீதிக்கு: கேஎல் சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறி, இரண்டாவது நிலையமான மஸ்ஜித் ஜாமேக்கில் இறங்குங்கள்.

தூர ஊர் பஸ்களுக்கு: புடுராயாவைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். சிரம்பான் பக்கம் போகும் கொமுட்டரில் பண்டார் தாசேக் செலாத்தான் நிலையத்தில் இறங்கினால், 2011-இல் திறந்த புதிய பஸ் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

இவற்றை மறக்காதீர்கள்

கொமுட்டர் டிக்கெட் வேறு, எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் டிக்கெட் வேறு. 'டச் அண்ட் கோ' கார்டில் பணம் போட்டு வைத்தால் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். நகரில் தினமும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு 'மை50' என்ற 50 வெள்ளிப் பாஸ் 30 நாளைக்குச் செல்லும். இது ரேபிட் கேஎல் ரயில், பஸ்களுக்கு உரியது. 60 வயதைக் கடந்தவர்கள் அடையாளக் கார்டைக் காட்டிக் கட்டணச் சலுகையை முகப்பில் கேட்டுப் பெறுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கொமுட்டர் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க நேரலாம். ஆகவே புறப்படும் நேரத்தையும், திரும்பி வரக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் முன்னதாகவே விசாரியுங்கள். தோட்டத்துப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நிலையத்தில் குழப்பம் வந்தால், போகும் இடத்தின் பெயரைச் சொல்லி, "பிளாட்ஃபோம் பெராப்பா?" என்று கேட்டால் போதும். காவலர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை யாரும் கை காட்டுவார்கள்.

இன்னும் தயக்கமா? அவசரம் எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பத்துமலைக்குப் புறப்படுங்கள். கிள்ளானில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறினால், கடைசி நிலையம் முருகன் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. போகும்போது நீங்கள் வழிகாட்டுங்கள். திரும்பி வரும்போது பாட்டியையும் பிள்ளைகளையும் முன்னே நடக்கவிட்டு, அவர்களையே வழி கேட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக் கடிதம் வரும்போது, "யார் கூட வருவார்கள்?" என்ற கேள்வி உங்கள் வீட்டில் எழாது.