உங்களுக்குத் தெரியுமா? – வாட்ஸ்அப்பில் ஒரு கிளினிக் உதவியாள்

● மனிதரோடு எழுத்தில் உரையாடிய முதல் கணினி நிரல்களில் ஒன்று எலைசா. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கியது. அது போட்ட வேஷம் மனநல வைத்தியர்! நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். இருந்தும் அதனோடு தனியாகப் பேச வேண்டுமென்று வைசன்பாமையே அறைக்கு வெளியே போகச் சொன்னாராம் அவருடைய செயலாளர்.

● ஹட்டனை அடுத்த டிக்கோயாவில், இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலைக் கட்டடத்தை 2017 மே 12இல் நரேந்திர மோடி திறந்துவைத்தார். கட்டில் கூடலாம்; கிளினிக் வரிசை வேறு கணக்கு. பிரஷர், சுகர் கிளினிக் நாளில் எங்காவது வரிசையில் நின்று காதைக் கொடுத்துப் பாருங்கள். "அடுத்த கிளினிக் எப்ப மிஸ்?" "கொப்பி தொலைஞ்சிருச்சு, புதுசு தருவீங்களா?" "நாளைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னாங்க, பிளேன்டீ மட்டும் குடிக்கலாமா?" (சாப்பிடாமல் எடுக்கும் சோதனை என்றால் கூடாது, தண்ணீர் மட்டும்தான்.) இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு? பிளேன்டீ குடித்துவிட்டு வந்து திரும்பிப்போகும் அக்காவுக்கு அன்றைய பேரும் (நாள் சம்பளமும்) போச்சு. இயந்திரத்திடம் முதலில் ஒப்படைக்க வேண்டியது இந்தக் கேள்விகளைத்தான்.

● தமிழிலும் பதில் சொல்லும் அப்படியொன்று ஏற்கெனவே உண்டு. பெங்களூரு சங்கரா கண் மருத்துவமனையோடு சேர்ந்து மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் செய்த 'கட்டராக்ட்பொட்', கண்புரை சத்திரசிகிச்சைக்கு வருவோருக்கு வாட்ஸ்அப்பில் உதவுகிறது. எழுதியும் கேட்கலாம், குரலிலும் கேட்கலாம். மருத்துவமனை கொடுத்த தகவல்களிலிருந்துதான் பதில் எடுக்கும். அந்தப் பதிலையும் பிறகு டாக்டர் பார்த்துச் சரியென்பார், அல்லது திருத்துவார். நாள், நேரம், கட்டணம் போன்ற கேள்விகள் டாக்டரிடம் போவதில்லை. மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடம் போகும். நமக்கு வேண்டிய ஏற்பாடு இதுதான்.

● கொரோனா உலகெங்கும் பரவிய 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார அமைப்பு வாட்ஸ்அப்பில் தானியங்கிப் பதில் சேவையைத் தொடங்கிவிட்டது.

● அமெரிக்காவில் உணவுக் கோளாறு நோயாளிகளுக்கான சங்கமொன்று, ஆட்கள் பேசிவந்த தொலைபேசிச் சேவையை மூடுவதாக அறிவித்துவிட்டு 'டெசா' என்ற அரட்டை நிரலை நம்பியது. உடம்பைக் குறைக்க அது யோசனை சொன்னதாகப் புகார் எழ, 2023இல் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆளைக் குறைக்க இயந்திரம் வாங்கினால் இதுதான் கதி.

● ஹட்டனுக்கு இப்படியொரு வாட்ஸ்அப் உதவியாள் வருமானால் அது எழுத்தை நம்பியிருக்கக் கூடாது. கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவால் தட்டச்சு செய்ய முடியுமா? குரலில் பேச வேண்டும். "தலை சுத்துது, கை காலெல்லாம் ஒளைச்சல்" என்றால் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காவிட்டால் உடனே மிஸ்ஸிடம் கைமாற்ற வேண்டும்.

● நெஞ்சு வலியா, மூச்சு முட்டுகிறதா? எந்த அரட்டை நிரலையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.