பதாகை அச்சில் நிறமும் அளவும்

நம் நாட்டின் மின்னுற்பத்தி பற்றிய மிகப் பழைய பதிவு ரவாங்கைச் சார்ந்தது. 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக இங்கே மின்னாக்கி ஒன்றை நிறுவினர். நிறத்தைப் பற்றிப் பேசப் புகும் நமக்கு இச்செய்தி பொருத்தமான தொடக்கமே. ஒளியின்றி நிறமில்லை.

இன்று இவ்வட்டாரத்தில் தைப்பூசம் வந்தாலும் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடந்தாலும் பெரிய பதாகை ஒன்று எழுந்துவிடுகிறது. கணினித் திரையில் செம்மஞ்சளாய் ஒளிர்ந்த காவடி, பதாகையில் செங்கல் நிறமாய் மங்கி வருவதை நாம் கண்டிருக்கிறோம். பள்ளியார் அச்சகத்தைக் குறை கூறுவர். அச்சகத்தார் வடிவமைத்த மாணவரைக் குறை கூறுவர். பல வேளைகளில் இருவர்மீதும் பிழையில்லை. திரை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளோ விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக் கழிக்கின்றன. ஆகவே திரையில் தெரியும் பளிச்சென்ற பச்சையும் செம்மஞ்சளும் இந்நான்கு மைகளின் எல்லைக்குள் முழுமையாக அடங்குவதில்லை. செம்மஞ்சள், பச்சை மைகளைக் கூடுதலாகப் பெற்ற அச்சுப்பொறிகள் தோன்றியதற்கு இதுவே காரணம்.

எல்லைக்குள் அடங்கும் நிறங்களும் தவறி வருவது வேறு சிக்கல். அதைத் தீர்க்கும் இரு பணிகளைக் 'கலர் செட்டிங்' என்று ஒரே பெயரால் சுட்டிக் குழம்புகிறோம். அவற்றை அளவுத்திருத்தம் என்றும் நிற விவரணம் என்றும் பிரித்து வழங்கலாம்.

தராசின் முள்ளைச் சுழியத்தில் நிறுத்துவது போன்றது அளவுத்திருத்தம். மைத்துளைகள் அடைபடாதிருப்பதை முதலில் உறுதிசெய்வர். பின்னர் ஒவ்வொரு மையையும் 0 முதல் 100 விழுக்காடு வரை படிப்படியாக அச்சிட்டு, உலரவிட்டு, நிறமாலைமானியால் அளந்து, படிகள் சீராக ஏறுமாறு திருத்துவர். நான்கு மைகளும் முழுமையாக விழுந்தால் கூட்டுத்தொகை 400 விழுக்காடு. பதாகைத் தாள் அவ்வளவு மையைத் தாங்காது. மை வழியும், சுருட்டினால் ஒட்டும். ஆதலால் மொத்த மைக்கும் வரம்பு வைப்பர்.

பொறி நிலைபெற்ற பின்னரே நிற விவரணம். நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்களை அச்சிட்டு அளந்து, எந்த மைக்கலவை எந்த நிறத்தைத் தருகிறது என்று ஒரு கோப்பில் பதிவர். கண்ணின் காட்சியை எண்ணாக்கும் 1976ஆம் ஆண்டின் 'லேப்' முறை இதற்கு அளவுகோல். 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு, இக்கோப்பிற்குப் பொது வடிவம் வகுத்தது. கோப்பு பொறியைச் செம்மைப்படுத்தாது. பொறியின் அப்போதைய இயல்பை எழுதிவைக்கும், அவ்வளவே. மையோ தாளோ அச்சு நுணுக்கமோ மாறினால் பழைய கோப்பு பொய் சொல்லும். மலிவான தாளுக்கு மாறிவிட்டு முந்தைய கோப்பையே வைத்திருப்பதால் விளையும் வீண்செலவு, சிறு பள்ளிகளின் கைப்பணத்தை அன்றோ கடிக்கிறது!

ஒளியையும் மறத்தலாகாது. கடை விளக்கின்கீழ் ஒத்துத் தோன்றும் இரு நிறங்கள் வெயிலில் வேறுபடக்கூடும். அச்சுத்துறை 5000 கெல்வின் ஒளியைப் பார்வைக்குரிய பொது ஒளியாகக் கொள்வது அதனாலேயே. நம் பள்ளிகளில் அத்தகைய விளக்கு இராது. முழுப் பதாகைக்கு ஒப்புதல் தருமுன், அதே தாளில் அதே பொறியில் ஓரடித் துண்டு ஒன்றை அச்சிடச் சொல்லி, பதாகை தொங்கவிருக்கும் நுழைவாயிலில் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.