மூஞ்சூறு எலியன்று, கொல்ல வேண்டாம்

பழனி மலையில் உருளைக்கிழங்கு, பூண்டு, கேரட் பயிரிடும் விவசாயிகளுக்கு எலித் தொல்லை புதிதன்று. கிழங்கைக் கடித்த எலிக்குப் பொறி வைத்தால், சில நாள் காலையில் அதில் மூஞ்சூறு சிக்கியிருக்கும். அதுவும் எலிதானே என்று அடித்துக் கொன்றுவிடுகிறோம். இது தவறு.

எலி வேறு, மூஞ்சூறு வேறு

எலியின் உளி போன்ற முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அது எதையாவது கொறித்தாக வேண்டும். மூஞ்சூறு பூச்சி தின்னும் பிராணி. அதன் பற்கள் சிறியவை, கூரியவை. வண்டின் ஓட்டை உடைக்க ஏற்றவை. நீண்ட கூரிய மூக்கு, மிகச் சிறிய கண்கள், அடி தடித்த வால் ஆகியவை இதன் அடையாளங்கள்.

ஆங்கிலேயர் இதைக் 'கஸ்தூரி எலி' என்ற பொருளில் 'மஸ்க் ராட்' என்றழைத்தனர். அதே பெயருள்ள வட அமெரிக்க நீர்ப் பிராணி வேறு. அது எலியைப் போல் கொறிக்கும் இனம்.

வாழ்க்கை முறை

பகலில் கல் இடுக்கு, சுவர்ப் பொந்து, குப்பைக் குவியல்களில் மறைந்திருக்கும். இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டபடி இரை தேடும். பார்வை குறைவு; மோப்பமே துணை. சிறிய உடலாதலால் சூடு விரைவில் குறையும். எனவே அடிக்கடி தின்றாக வேண்டும். வண்டு, கரப்பான், புழு, மண்புழு ஆகியவை இதன் உணவு. உருளைக்கிழங்குச் செடியை அறுக்கும் வெட்டுப்புழு வெளிவருவதும் இரவில்தான்.

சினைக் காலம் சுமார் 30 நாட்கள். குட்டிகள் ஒன்றன் பின்புறத்தை மற்றொன்று கவ்விக்கொண்டு, தாயின் பின்னே சரமாகச் செல்லும். விலாவிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் நாற்றத்தால், பூனை கொன்றாலும் பெரும்பாலும் தின்னாது.

செய்ய வேண்டியவை

1. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடையுங்கள். மறுநாள் காலை திறந்திருப்பவையே எலி நடமாடும் வளைகள். அவற்றில் மட்டும் மருந்திடுங்கள்.

2. பொறியில் கருவாடு வைத்தால் மூஞ்சூறும் சிக்கும். தேங்காய்த் துண்டோ தானியமோ வையுங்கள்.

3. சிக்கிய மூஞ்சூறைக் கையால் தொடாமல், பொறியைத் தோட்டத்து ஓரத்தில் திறந்துவிடுங்கள்.

4. மருந்துண்டு செத்த எலிகளை ஆழப் புதையுங்கள். மூஞ்சூறு, நாய், பூனை முதலியவை அவற்றைத் தின்னக்கூடும்.

மூஞ்சூறால் தீங்கே இல்லை என்பதற்கில்லை. சிறு கோழிக்குஞ்சைக் கடிக்கலாம். நோய் பரப்பும் தெள்ளுப் பூச்சியைச் சுமக்கலாம். ஆகவே கோழிக்கூட்டுக்குக் கம்பிவலையும், சமையலறைப் பண்டங்களுக்கு மூடியும் அவசியம். மூஞ்சூறால் மட்டும் புழுக்கள் ஒழிந்துவிடா. ஆயினும் கூலி கேட்காமல் இரவெல்லாம் பூச்சி பிடிக்கும் பிராணியைத் தோட்டத்தில் விட்டுவைப்பதே நமக்கு லாபம்.