கத்தியா, காத்திருப்பா?

நாகைக்கும் திருவாரூருக்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டிக் கிடக்கிறது கீழ்வேளூர். குனிந்து நாற்று நட்டு, நிமிர்ந்து கூலி வாங்கும் தாய்மார் நிறைந்த வட்டாரம். முன்னாளில் இவர்களுக்கு வலி கண்டால் மருத்துவச்சியும் மண்ணெண்ணெய் விளக்குமே துணை. பிள்ளை குறுக்கே கிடந்தால் தாயும் பிழைப்பதரிது. இன்றோ 108 வண்டி வாசலுக்கு வருகிறது. திருவாரூரில் 2010லும், நாகையில் 2022லும் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு நடப்பதென்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது: தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்கு ஏறத்தாழ 45 அறுவை! அரசு மருத்துவமனைகளில் 36; தனியாரிடம் 64. இந்தியா முழுமைக்கும் கணக்கு 21.5தான். நம் பெண்களின் இடுப்பெலும்பு மட்டும் ஏனோ திடீரெனச் சுருங்கிவிட்டது போலும்!

அறுவை கூடாதென்று கூற நாம் பித்தரல்லர். நஞ்சுக்கொடி வழியை மறித்து நிற்கும்போதும், சிசுவின் நாடி தளரும்போதும் கத்திதான் கடவுள். அப்போது காத்திருப்பது கொலைக்கு ஒப்பு. வலி நீண்டு தடைப்பட்டால் கருப்பை கிழியும். சிறுநீர்ப் பையில் ஓட்டை விழுந்து ஆயுளெல்லாம் அவதிப்படுவோரும் உண்டு. ஆயினும், ஒரு நாட்டில் அறுவை நூற்றுக்குப் பத்தைத் தாண்டியபின், மேலும் மேலும் அறுப்பதால் தாய்ச் சாவோ சிசுச் சாவோ குறைவதாகக் காணோம் என்று 2015ல் உலக சுகாதார நிறுவனம் கூறிற்று. நம்மைவிடக் குறைவாக அறுக்கும் கேரளத்தில், 2018-20 கணக்கின்படி, இலட்சம் பிரசவத்துக்குத் தாய்ச் சாவு 19, இங்கே 54. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் கத்தி கூடினால் சாவு குறையும் என்ற கணக்கு மட்டும் பொய்த்துப் போகிறது.

அரசு மருத்துவமனையில் அறுவைக்குப் பணமில்லை. அதனால் செலவே இல்லை என்பர் சிலர். யாருக்கு? கூலிக்காரியின் மூலதனம் அவள் இடுப்பு! தையல் ஆறப் பல வாரம். நடவுக் காலம் அவளுக்காகக் காத்து நிற்குமா? அடுத்த கருவில் பழைய தழும்பின்மேல் நஞ்சு ஒட்டிக்கொள்ளும் அபாயம் வேறு. முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987ல் தொடங்கிய உதவி 2018ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது, நல்லதே. தழும்புக்கு அதில் ஏது ஈடு?

மருத்துவரை மட்டும் ஏசிப் பயனில்லை. இரவெல்லாம் வலியோடு உடனிருக்க ஆள் வேண்டும். அறுவையோ ஒரு மணி நேரத்தில் முடியும். ஏதேனும் நேர்ந்தால் வழக்கு வருமே என்ற அச்சம். போதாக்குறைக்குப் பஞ்சாங்கம்! சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடிக்கு ஆகாதாம். பங்குனியிலேயே கீறி எடுக்கச் சொல்லும் மாமனார்கள் உண்டு. 39 வாரம் நிரம்பாமல் காரணமின்றி எடுத்த சிசு மூச்சுக்குத் திணறினால், சோதிடரா வந்து காற்றூதுவார்?

வலியை முடுக்க ஏற்றும் ஆக்சிடோசினுக்கும் இதே கதைதான். பிள்ளை பிறந்தவுடன் போடும் ஊசியாக அது உதிரப்போக்கைத் தடுத்து உயிர் காக்கிறது. பிறக்குமுன் அவசரத்துக்காகச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, கண்காணிக்க ஆளில்லாது போனால், கருப்பை இறுகிச் சிசு திணறும். கருவாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே தீரவேண்டும் என்ற பழைய விதியை 2018ல் உலக சுகாதார நிறுவனமே கைவிட்டது. முதற் பிள்ளைக்கு, ஐந்து சென்டிமீட்டருக்குப் பின்னும் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம். தாயும் சேயும் நலமாயிருந்தால் பொறுத்திருக்கலாம் என்றது. பிரசவ அறையில் தாய்க்குத் துணையாக அவள் விரும்பும் ஒருவர் இருக்கட்டும் என்றும் கூறிற்று. துணையிருந்தால் அறுவை குறைகிறது என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. காசில்லாத இந்த மருந்தைக் கொடுக்க என்ன தடை?

நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு மருத்துவமனை வாயிலிலும், அரசோ தனியாரோ, ஒரு பலகை தொங்கட்டும்: சென்ற மாதம் எத்தனை பிரசவம், எத்தனை அறுவை, எந்தெந்தக் காரணத்துக்காக என்று. இரவுப் பணிக்குச் செவிலியர் எத்தனை பேர் என்பதையும் அதன் கீழேயே எழுதட்டும்.